ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் மோன்ட்ரியான் ஆகிவிடலாமா?

ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகர அருங்காட்சியகம் ஒன்றில் 1980-இல் இருந்து ஒரு படம் இருக்கிறது. பெயர் 'நியூயார்க் சிட்டி 1'. வெள்ளைக் கித்தான்மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு நிற ஒட்டு நாடாக்கள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருக்கும். வேறு எதுவும் கிடையாது. 1941-இல் பியெட் மோன்ட்ரியான் செய்தது. 2022 அக்டோபரில் அங்கே கண்காட்சிப் பொறுப்பாளராக இருந்த சுசான் மேயர்-பியூசர் ஒரு விஷயத்தை வெளியே சொன்னார்: இந்தப் படம் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. அதுவும் நேற்று இன்றல்ல, 1945-இல் நியூயார்க்கில் முதன்முதலாகக் காட்சிக்கு வைத்தபோதே அப்படித்தான்.

செய்தி வந்த அன்றே நண்பர் ஒருவர் எனக்கு அதை வாட்ஸாப்பில் தள்ளிவிட்டார். கூடவே ஒரு வரி: "பாத்தியா, நான் அன்னிக்கே சொன்னேன்ல?" அவர் அன்றைக்குச் சொன்னது இதுதான்: "ஸ்கேல் வச்சு நாலு கோடு, மூணு கலர். என் பொண்ணு டிராயிங் நோட்டுல இதவிட நல்லா போடுவா."

அவருக்கு ஒழுங்காக ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று அப்போதிருந்தே மனதில் இருந்தது. 'உனக்குக் கலை தெரியாது' என்று வாயை அடைப்பது பதில் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. மேல் எது கீழ் எது என்று நிபுணர்களுக்கே எழுபது வருஷத்துக்கு மேல் தெரியவில்லை என்றால், அந்தப் படத்தில் என்னதான் இருக்கிறது? அதற்காகத் திரட்டிய குறிப்புகள் இவை.

முதலில் அந்தத் தலைகீழ் விஷயம். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இரண்டு தடயங்கள். மோன்ட்ரியான் இறந்து சில மாதங்கள் கழித்து, 1944 ஜூனில், ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் அவருடைய ஓவியக்கூடத்தின் புகைப்படம் வந்தது. அதில் இந்தப் படம் ஈசலில் நிற்கிறது, இப்போது மாட்டியிருப்பதற்கு நேர்மாறாக. இரண்டாவது, பாரிஸின் பொம்பிடூ மையத்தில் 'நியூயார்க் சிட்டி' என்றே பெயருள்ள, ஏறக்குறைய இதே அளவுள்ள எண்ணெய் வண்ண ஓவியம் இருக்கிறது. அதில் கோடுகள் நெருக்கமாக விழுவது மேல் ஓரத்தில். டுசல்டார்ஃபில் நெருக்கம் கீழ் ஓரத்தில்.

படத்தில் கையெழுத்து இல்லை, அதுதான் குழப்பத்துக்கு வசதியாகப் போய்விட்டது. கையெழுத்து ஏன் இல்லை என்பதற்கு எளிய விளக்கம், அவர் கணக்கில் அது இன்னும் முடியவில்லை என்பதே. ஒட்டியிருப்பது நாடா. பிய்த்து வேறு இடத்தில் ஒட்டிப் பார்க்கத்தான் நாடா. நாம் பார்ப்பது ஒரு வேலை பாதியில் நின்ற இடம்.

இந்தத் தகவல் நண்பர் கட்சிக்குச் சாதகமா, என் கட்சிக்குச் சாதகமா என்று யோசித்துப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிற ஆளுக்கு நாடா எதற்கு? கோட்டை எங்கே போட வேண்டும் என்று தெரியாதவருக்குத்தான் நாடா வேண்டும். அதாவது, முன்கூட்டித் தெரியாமல், ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து முடிவு செய்கிறவருக்கு.

இந்த இடத்துக்கு அவர் எப்படி வந்தார் என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

மோன்ட்ரியான் 1872-இல் நெதர்லாந்தின் ஆமர்ஸ்ஃபோர்ட்டில் பிறந்தவர். அப்பா பள்ளித் தலைமையாசிரியர். சித்தப்பா ஒருவர் நிலக்காட்சி ஓவியர். இவரும் முதல் இருபது வருஷம் அதே வழியில்தான் போனார்: காற்றாலை, ஆற்றங்கரை, பண்ணை வீடு. அதாவது அவருக்கு வரையத் தெரியும். (நவீன ஓவியர் யாரைப் பற்றிப் பேசினாலும் இந்த வரியை எழுதியாக வேண்டியிருக்கிறது.) 1908-க்கும் 1912-க்கும் நடுவே அவர் வரைந்த மரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். 'சிவப்பு மரம்' இன்னும் மரம்தான், வளைந்து முறுக்கிக்கொண்டு நிற்கும். 1911-இன் 'சாம்பல் மரம்' கியூபிசத்தைப் பார்த்த கண்ணால் வரைந்தது. கிளைக்கும் கிளைக்கு இடையே உள்ள வெற்றிடமும் கிளை அளவுக்கே கனமாகிவிடுகிறது. 1912-இன் 'பூத்த ஆப்பிள் மரம்' என்று தலைப்புப் போட்டிருக்காவிட்டால் அது மரம் என்று சொல்லவே முடியாது.

1914-இல் உடம்பு சரியில்லாத அப்பாவைப் பார்க்க பாரிஸிலிருந்து ஊருக்குப் போனவர், போர் வெடித்து அங்கேயே மாட்டிக்கொண்டார். ஐந்து வருஷம். டோம்புர்க் என்ற கடலோர ஊரில் கடலுக்குள் நீளும் மரக்கட்டைத் தடுப்பையும் அலையையும் வரைய ஆரம்பித்தார். 1915-இன் 'பாலமும் கடலும்' ஓவியத்தில் அலை, ஒளி எல்லாமே சின்னச் சின்னக் கூட்டல் குறியாகவும் கழித்தல் குறியாகவும் ஆகிவிட்டன. கிடைமட்டம் கடல், செங்குத்து கடலுக்குள் போகும் கட்டை. நெதர்லாந்தைப் படத்தில் பார்த்தவர்களுக்குக்கூட இது புரியும். மலை இல்லாத, தட்டையான நிலம். அதில் எது நின்றாலும் செங்குத்தாக நிற்கும்.

இங்கே நம்ம ஊர் ஒரு மூலையில் வருகிறது. மோன்ட்ரியான் 1909-இல் பிரம்மஞான சபையின் டச்சுக் கிளையில் உறுப்பினராகச் சேர்ந்தவர். அந்தச் சபைக்கு உலகத் தலைமையகம் 1882-இல் இருந்து சென்னை அடையாறு. ஆலமரத்தைப் பார்க்கப் போகிறோமே, அதே இடம்தான். கண்ணுக்குத் தெரியும் உலகத்துக்குப் பின்னால் மாறாத ஓர் ஒழுங்கு இருக்கிறது, ஆண்–பெண், ஆவி–ஜடம் போன்ற எதிரெதிர் இரட்டைகள் அதில் சமன் ஆகின்றன என்ற நம்பிக்கை அவருக்கு அங்கிருந்து வந்தது. செங்குத்தும் கிடைமட்டமும் அவருக்கு வெறும் திசைகள் இல்லை, அந்த இரட்டையின் மிகச் சுருங்கிய வடிவம். போர்க்காலத்தில் லாரன் என்ற ஊரில் பழகிய ஸ்கூன்மேக்கர்ஸ் என்ற எழுத்தாளரும் ஏறக்குறைய இதையே கணித மொழியில் எழுதிக்கொண்டிருந்தார். மஞ்சள், நீலம், சிவப்பு மட்டுமே அடிப்படை நிறங்கள் என்ற வாதமும் அவர் எழுத்தில் உண்டு.

இந்தத் தத்துவம் எனக்கு உவப்பாக இல்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் இதை விட்டுவிட்டு வெறும் டிசைன் என்று எழுதுவதும் நேர்மையில்லை. இந்தப் பிடிவாதம் இல்லாமல் ஒரு மனிதன் இருபது வருஷத்துக்கு மேல் மூன்று நிறத்தோடு வாழ முடியாது. அதே சமயம் தத்துவம் அவருக்கு எந்தக் கோடு எங்கே வர வேண்டும் என்று சொல்லித் தரவில்லை. அதைக் கண்தான் செய்ய வேண்டியிருந்தது.

1917-இல் தியோ வான் டூஸ்பர்க் 'டி ஸ்டைல்' பத்திரிகையைத் தொடங்கினார். மோன்ட்ரியான் அதில் தன் கோட்பாட்டைத் தொடராக எழுதினார். 1919-இல் நடந்த ஒன்று நம் கேள்விக்கு நேரடியாக உதவும். அந்த வருஷம் அவர் உண்மையாகவே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். கித்தானை அகலத்தில் 16, உயரத்தில் 16 என்று சம பாகமாகப் பிரித்து, 256 கட்டங்களில் வண்ணம் நிரப்பினார். சதுரங்கப் பலகை ஓவியங்கள் என்றே அவற்றுக்குப் பெயர். அதன்பிறகு அந்த முறையைக் கைவிட்டுவிட்டார். எல்லாக் கட்டமும் ஒரே அளவு என்றால் கண்ணுக்கு வேலையே இல்லை, ஒரு கட்டத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. ஆக, நண்பர் சொன்ன அந்த ஸ்கேல் வழியை மோன்ட்ரியானே முயன்று பார்த்து, சரிவராது என்று தள்ளிவிட்டார். 1920-க்குப் பிறகு வருபவை எல்லாம் சமமில்லாத கட்டங்கள். அதற்கு முன்பு சாம்பல் கலந்து மங்கலாக இருந்த நிறங்கள் 1921 வாக்கில் பளிச்சென்ற சிவப்பு, நீலம், மஞ்சளாக மாறுகின்றன.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 1930-இல் வரைந்த, இப்போது சூரிச்சில் இருக்கும் சிவப்பு–நீல–மஞ்சள் கலவை. மேலே வலது பக்கம் படத்தில் பெரும்பங்கை அடைத்துக்கொண்டு ஒரு சிவப்பு. கீழே இடது மூலையில் நீலம். கீழே வலது மூலையில் துண்டு மஞ்சள். மற்றதெல்லாம் வெள்ளை. காலண்டர், குவளை, செருப்பு என்று எல்லாவற்றிலும் அச்சாகிவிட்ட படம் என்பதால் பார்த்த மாதிரியே பார்க்காமல் விட்டிருப்போம். இடது ஓரத்தில் இரண்டு வெள்ளைக் கட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கிடைக்கோடு இருக்கிறது. அது மற்ற கோடுகளைவிடப் பருமன். ஏன்? ஒரு கட்டைவிரலை வைத்து அதை மறைத்துப் பாருங்கள். சிவப்பு அப்படியே இடது பக்கமாக வழிந்து வந்து முழுப் படத்தையும் விழுங்கிவிடும். அந்தப் பருமனான கோடு சிவப்பைத் தடுத்து நிறுத்துகிறது. எதிர்ப்பக்கம் எடை போட்ட மாதிரி. மளிகைக்கடைத் தராசில் ஒரு பக்கம் பூசணிக்காய், இன்னொரு பக்கம் இரும்புப் படிக்கல். அளவு வேறு, எடை ஒன்று.

அச்சில் தெரியாதவை இன்னும் நிறைய. நேரில் கிட்டப் போய்ப் பார்த்தால் முதலில் அதிர்ச்சியாக இருக்கும், அவ்வளவு 'சுத்தம்' கிடையாது. வெள்ளை என்பது ஒரே வெள்ளை இல்லை. ஒன்று கொஞ்சம் நீலம் கலந்தது, இன்னொன்று பாலாடை. தூரிகை போன திசையும் கட்டத்துக்குக் கட்டம் மாறும், ஒன்றில் மேலிருந்து கீழ், பக்கத்தில் குறுக்காக. 1920-களின் தொடக்கத்துப் படங்கள் சிலவற்றில் கறுப்புக் கோடு கித்தானின் விளிம்பு வரை போகாமல் ஒரு விரல்கடை முன்னால் நின்றுவிடும். அது அலட்சியம் இல்லை. கோடு விளிம்பைத் தொட்டால் படம் வெளியேயும் தொடர்கிற மாதிரி இருக்கும், தொடாமல் நின்றால் உள்ளேயே அடங்கும். எந்தக் கோட்டைத் தொடவிடுவது, எதை நிறுத்துவது என்பது படத்துக்குப் படம் மாறுகிறது. வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசியதால் பல படங்களின் வெள்ளையில் இப்போது மெல்லிய வெடிப்புகள் ஓடுகின்றன. எக்ஸ்ரேயில் பார்த்தால் கோடு முதலில் வேறு இடத்தில் இருந்து நகர்ந்திருப்பது தெரிகிறது.

சரி, இதெல்லாம் தெரிந்தவன் சொல்லும் சமாதானம், சும்மா பார்க்கிற ஆளுக்கு வித்தியாசம் தெரியுமா? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், முடிவு என் கட்சிக்குக் கொஞ்சம் சங்கடமானது. 1960-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த மைக்கேல் நோல், மோன்ட்ரியானின் 1917-ஆம் வருஷத்துக் 'கோடுகளின் கலவை' என்ற படத்தைப் போலவே கணினியை வைத்து ஒரு படம் உண்டாக்கினார். சிறு கிடைக்கோடுகளும் செங்குத்துக் கோடுகளும் கணினி போட்ட குருட்டாம்போக்கு எண்களின்படி விழும். இரண்டின் நகல்களையும் 100 பேரிடம் காட்டினார். கணினிப் படம் எது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 பேர்தான். 59 பேருக்குக் கணினிப் படமே கூடப் பிடித்திருந்தது.

இதைப் படித்தபோது நண்பருக்கு உடனே அனுப்பிவிடலாமா என்று தோன்றியது, தோல்வியை ஒப்புக்கொண்டு. பிறகு நிதானமாக யோசித்தேன். அங்கே காட்டியவை ஜெராக்ஸ் நகல்கள். தூரிகை, வெள்ளையின் பேதம், அளவு எல்லாம் ஏற்கெனவே போயாச்சு. இன்னொன்று, அந்தக் கணினிப் படம் வெறும் குருட்டாம்போக்கு இல்லை. கோடுகள் ஒரு வட்டத்துக்குள் விழ வேண்டும், இன்ன நீள அகலத்துக்குள் இருக்க வேண்டும், மேல்பகுதிக்குப் போகப் போகச் சுருங்க வேண்டும் என்பதெல்லாம் மோன்ட்ரியான் படத்தை அளந்து நோல் கொடுத்த கட்டளைகள். முடிவெடுக்கும் வேலையில் பாதியை அந்த ஆள் 1917-லேயே செய்து வைத்துவிட்டார். ஆனாலும் 28 என்பது 28தான், மழுப்ப முடியாது.

அதற்கு எதிர்த்தட்டில் வைக்க ஒரு சோதனை இருக்கிறது. 1993-இல் உளவியலாளர் கிறிஸ் மக்மானஸும் அவர் குழுவினரும் மோன்ட்ரியானின் நிற ஓவியங்களை எடுத்து, கோடுகளைக் கொஞ்சம் இங்கே அங்கே நகர்த்திப் போலிகள் செய்து, மூலத்தோடு சேர்த்துக் காட்டினார்கள். கலைப் பயிற்சி இல்லாதவர்களும் குருட்டு அதிர்ஷ்டத்தில் வருவதைவிடக் கூடுதலாகவே மூலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: மோன்ட்ரியான் 'மாதிரி' ஒரு படம் உண்டாக்குவது சுலபம், நண்பர் சொன்னது அந்த அளவில் சரி. ஒரு குறிப்பிட்ட படத்தில் கோடு இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பது வேறு வேலை, அதன் பலன் மெலிதாகத்தான் தெரியும்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று பார்க்க நானும் உட்கார்ந்தேன். ஒரு வெள்ளைச் சார்ட், எலக்ட்ரிகல் கடையில் வாங்கிய கறுப்பு இன்சுலேஷன் டேப், பிறகு சிவப்பும் மஞ்சளும் நீலமும் கிளேஸ் பேப்பர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆரம்பித்தேன். முதல் ஐந்து நிமிஷத்திலேயே மோன்ட்ரியான் மாதிரி ஒன்று வந்துவிட்டது. குஷியாக இருந்தது. பிறகு பார்க்கப் பார்க்க சிவப்பு கீழே இழுத்தது. அதைச் சின்னதாக்கினால் நீலம் எதற்கு என்று ஆகிவிட்டது. நீலத்தை எடுத்தால் ஒரு கோடு அநாதையாக நின்றது. சாயங்காலம் காபியோடு வந்து எட்டிப் பார்த்த மனைவி, "மொதல்ல வச்சிருந்ததே நல்லா இருந்துச்சே" என்றாள். முதலில் எப்படி வைத்திருந்தேன் என்று எனக்கு நினைவில்லை. நாடாவைப் பிய்த்த இடமெல்லாம் சார்ட் உரிந்து போயிருந்தது.

இந்த வேலையை வருஷக்கணக்கில் செய்கிறவருக்குச் சின்ன விஷயமும் உயிர்ப் பிரச்சினை ஆகிவிடும் போல. வான் டூஸ்பர்க் 1924-இல் சாய்கோடுகளைக் கொண்டுவந்தபோது மோன்ட்ரியான் அந்த இயக்கத்தைவிட்டே விலகினார். சாய்கோடு இயக்கம் தரும், உயிர் தரும் என்பது அவர் கட்சி. செங்குத்துக்கும் கிடைமட்டத்துக்கும் உள்ள இழுபறியை அது குலைத்துவிடும் என்பது இவர் கட்சி. வேடிக்கை என்னவென்றால் மோன்ட்ரியானே 1918-இல் இருந்து வைர வடிவப் படங்கள் செய்தவர். ஆனால் அங்கே சாய்ந்திருப்பது கித்தானின் விளிம்புதான், உள்ளே கோடுகள் நேராகவே நிற்கும். சில வருஷம் கழித்து இருவரும் சமாதானமாகிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடணும்.

அடுத்த போர் வருகிறது. 1937-இல் நாஜிகள் 'சீரழிந்த கலை' என்று கேலி செய்ய நடத்திய கண்காட்சியில் அவர் படங்களும் இருந்தன. 1938-இல் பாரிஸைவிட்டு லண்டன், 1940-இல் குண்டுவீச்சுக்கு நடுவே நியூயார்க். அப்போது வயது 68. பாரிஸிலும் லண்டனிலும் முடித்திருந்த, சில பாதியில் இருந்த படங்களையும் கொண்டுபோனார். அங்கே போய் அவற்றைத் திரும்பத் திருத்த ஆரம்பித்தார். புதுக் கோடுகள் சேர்த்தார், கறுப்பு வரம்பு இல்லாமல் நிறத் துண்டுகளை வைத்தார். இப்படித் திருத்திய 17 படங்களை ஆய்வாளர்கள் 'அட்லாண்டிக் கடந்த ஓவியங்கள்' என்கிறார்கள். சிலவற்றின் மேல் இரண்டு வருஷங்கள் எழுதியிருக்கும். 'பிளாஸ் த லா கான்கார்ட்' 1938-இல் தொடங்கி 1943-இல் முடிந்தது.

நியூயார்க்கில் கிடைத்த வண்ண ஒட்டு நாடா அவருக்குப் பெரிய விடுதலை. முன்பெல்லாம் கரிக்கோலில் போட்டு அழிக்க வேண்டும், இல்லை வண்ணம் காய்ந்த பிறகு சுரண்ட வேண்டும். இப்போது பிய்த்து நகர்த்தினால் போதும். அதன் விளைவு 'பிராட்வே பூகி-வூகி'. அதில் கறுப்புக் கோடே கிடையாது. மஞ்சள் பட்டைகளில் சிவப்பும் நீலமும் சாம்பலும் துண்டு துண்டாகத் துடிக்கும். பூகி-வூகி என்பது அப்போது அங்கே கலக்கிக்கொண்டிருந்த பியானோ இசை. அவர் அதற்குப் பைத்தியம்.

இப்போது தலைகீழ் விஷயத்துக்குத் திரும்பலாம். எந்தப் பக்கம் மேலே என்பது முக்கியமா? முக்கியம்தான் என்று நினைக்கிறேன். 'நியூயார்க் சிட்டி 1' படத்தை ஃபோனில் திறந்து, ஃபோனைத் திருப்பிப் பாருங்கள். கோடுகள் கீழே நெருங்கினால் அது தரை மாதிரி ஆகிவிடுகிறது, அதன்மேல் எல்லாம் சாவகாசமாக நிற்கின்றன. மேலே நெருங்கினால் கால் ஊன்ற இடமில்லாமல் மொத்தமும் தொங்குகிறது. நிலக்காட்சியிலிருந்து வெளியே வர முப்பது வருஷம் பாடுபட்டவர் படத்தில், நாம் தலைகீழாக மாட்டி மறுபடியும் ஒரு தரையை உண்டாக்கிவிட்டோம். இத்தனை வருஷம் யாரும் கவனிக்காததற்குக் காரணம் படம் வெறுமை என்பதல்ல, தரை இருந்தால் நமக்கு வசதியாக இருக்கிறது என்பதுதான்.

ஆனாலும் டுசல்டார்ஃபில் அதைத் திருப்பி மாட்டவில்லை. நாடாக்களின் பசை காய்ந்துபோய்விட்டது, சில நூலிழையில் தொங்குகின்றன. இப்போது திருப்பினால் அவற்றின் பாரம் எதிர்த்திசையில் இழுத்துக் கழன்றுவிடும் என்று பயப்படுகிறார்கள்.

கடைசிப் படம் 'விக்டரி பூகி-வூகி', வைர வடிவம். ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று பார்த்தவர்கள் நினைத்த படத்தின்மேல் 1944 ஜனவரியில் மறுபடியும் நாடாத் துண்டுகளையும் காகிதத் துண்டுகளையும் ஒட்ட ஆரம்பித்துவிட்டார். நிமோனியா வந்து பிப்ரவரி 1 அன்று இறந்துபோனார். 1998-இல் அந்தப் படத்தை 8 கோடி கில்டருக்கு நெதர்லாந்துக்கு வாங்கினார்கள். முடியாத படத்துக்கு இவ்வளவு விலையா என்று அங்கே நாடாளுமன்றம் வரை சண்டை. இப்போது தி ஹேக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் கடைசியாக ஒட்டிப் பார்த்த துண்டுகள், எண்ணெய் வண்ணமாக மாறாமல், ஒட்டினபடியே இருக்கின்றன.